விழுந்த பறவையைத் தேடி

ரவை பட்ட காட்டு வாத்து நீரில் விழுந்ததும் செத்து மிதக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். எப்போதும் அப்படி நடப்பதில்லை. சிறகில் மட்டும் அடிபட்ட மல்லார்டு வாத்து விழுந்த வேகத்திலேயே மூழ்கும். உடம்பு முழுவதையும் நீருக்குள் அமிழ்த்தி, அலகும் கண்ணும் மட்டும் வெளியே தெரிய, சத்தமில்லாமல் சம்பங்கோரைக்குள் நழுவிவிடும். ஃபெசன்ட் சேவல் தரையில் விழுந்த மறுகணம் எழுந்து ஓடும். ஒரு சிறகு தொங்கினாலும் கால் இரண்டும் நன்றாக இருந்தால் மனிதன் துரத்திப் பிடிக்க முடியாது. சுட்டவர் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு ‘இங்கேதானே விழுந்தது’ என்று கோரையை விலக்கிப் பார்க்கும் நேரத்தில் அது எங்கோ தள்ளிப்போய் ஒடுங்கிக் கிடக்கும். அன்றிரவு நரி கண்டுபிடித்தால் அதன் வேதனை அதோடு முடியும். இல்லையென்றால் நாள்கணக்கில் நீளும்.

எங்கள் வீட்டுக் கறுப்பு லாப்ரடார் மணிக்கு நான் கற்றுக்கொடுப்பதெல்லாம் அந்த ஒரு பறவைக்காகத்தான். செத்து, வெட்டவெளி நீரில் மிதக்கும் வாத்தை நாய் இல்லாமலே படகில் போய் எடுத்துவிடலாம். அடிபட்டு ஒளிந்துகொண்ட பறவையைத் தேடி எடுத்து அதன் வதையை முடித்துவைக்க மனிதக் கண் போதாது. அதற்கு ஒரு மூக்கு வேண்டும். மூக்கோடு பொறுமையும் நோகாமல் கவ்வும் வாயும் வேண்டும். மூக்கு பிறப்பிலேயே வருகிறது. மற்ற இரண்டையும் வளர்த்தெடுப்பது பழக்குபவர் பொறுப்பு.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், மின்னசோட்டாவின் மேற்குப் பகுதியில். பனியாறுகள் உருகி விட்டுச்சென்ற குட்டைகளும் சதுப்புகளும் புல்வெளியெங்கும் சிதறிக் கிடக்கும் நாடு இது. வட அமெரிக்காவின் வாத்துகளில் பெரும்பங்கு குஞ்சு பொரிப்பது இங்கிருந்து வடமேற்கே கனடா வரை பரந்து கிடக்கும் இந்தக் குட்டைப் பிரதேசத்தில்தான். வேட்டை என்றதும் தமிழ்நாட்டு நண்பர்கள் முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் முகம் சுருங்குவது நியாயமே. இந்தியாவில் 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கதவை அடைத்தது. அங்கிருந்த நிலைமைக்கு அது அவசியமான சட்டம். இங்கே முறை வேறு. வாத்து வேட்டைக்குப் போகும் 16 வயது நிரம்பிய எவரும் கூட்டரசின் ‘டக் ஸ்டாம்ப்’ என்ற முத்திரைவில்லையை வாங்கியாக வேண்டும். 1934-இல் தொடங்கிய ஏற்பாடு அது. அந்தப் பணம் ஈரநிலங்களை வாங்கிக் காப்பதற்குப் போகிறது. ஈய ரவையை விழுங்கி நீர்ப்பறவைகள் நஞ்சேறிச் சாவதால் 1991 முதல் நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈயம் தடை. எஃகு ரவைதான் போடுகிறோம். எஃகு எடை குறைந்தது, தூரம் கூடக்கூட வலு இழக்கும். தொலைவில் சுட்டால் பறவை காயத்தோடு தப்பும் என்பதால் கிட்டே வரும்வரை காத்திருந்தே சுட வேண்டும். அடிபட்ட பறவையை எடுக்க நியாயமான முயற்சி செய்யாமல் விட்டுப்போவதும் கூட்டரசு விதிப்படி குற்றம்.

1959-ஆம் ஆண்டு டக் ஸ்டாம்பை ஒருமுறை கையில் வைத்துப் பார்த்தால் நான் சொல்ல வருவது விளங்கும். மேனார்ட் ரீஸ் என்ற ஓவியர் வரைந்தது. கிங் பக் என்ற கறுப்பு லாப்ரடார், வாயில் மல்லார்டு வாத்தோடு. 1952, 1953 இரண்டு ஆண்டும் தேசிய சாம்பியனான நாய் அது. சுட்ட பறவையை எடுத்துவரும் ரிட்ரீவர் நாய்கள் வேட்டைப் பறவைகளை வீணாகாமல் காக்கின்றன என்ற செய்தியைப் படத்தோடு சேர்த்தே அச்சிட்டிருந்தார்கள். அந்தச் செய்தியை நான் முழுமனதோடு நம்புகிறேன்.

நம்மூர் சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து, விரட்டி, பிடிக்கும் இனங்கள். அந்த ஓட்டத்தின் அழகே தனி. ரிட்ரீவரின் வேலை ஏறக்குறைய அதற்கு நேர்மாறு. துப்பாக்கி வெடிக்கும்போதும் பறவை கண்ணெதிரே விழும்போதும் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். சொன்ன பிறகே போக வேண்டும். இறகு கலையாமல் எடுத்துவந்து கையில் கொடுக்க வேண்டும். நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களிடம் இருந்த தண்ணீர் நாய்களைப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்து, பக்ளூ, மாம்ஸ்பரி பிரபு குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்ததில் உருவான இனம் லாப்ரடார். எடுத்துவரும் ஆசை அதன் இரத்தத்திலேயே ஊறியிருக்கிறது. அந்த ஆசையை நாம் உண்டாக்க வேண்டியதில்லை. அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும் என்பதே இத்தனை ஆண்டுகளில் நான் வந்து சேர்ந்த முடிவு.

குட்டியைத் தேர்ந்தெடுப்பது பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். குட்டியின் முகத்தைப் பார்த்து மயங்குவதற்கு முன் தாய் தகப்பனின் மருத்துவச் சான்றுகளைக் கேட்டு வாங்குங்கள். இடுப்பு மூட்டு, முழங்கை, கண் மூன்றுக்கும் சான்று வேண்டும். அதோடு, கடுமையாக ஓடியதும் பின்னங்கால் துவண்டு சரிந்துவிடும் ஒரு பரம்பரைக் கோளாறு லாப்ரடார்களில் உண்டு. அதற்குக் காரணமான மரபணுவை மின்னசோட்டா பல்கலைக்கழகத்தினர் பங்குபெற்ற ஆய்வுக் குழு 2008-இல் வெளியிட்டது. இப்போது எளிய பரிசோதனையிலேயே தெரிந்துவிடுகிறது. பார்க்காமல் வாங்க இனி ஒரு காரணமும் இல்லை.

எட்டு வாரக் குட்டி வீட்டுக்கு வந்ததும் பாடம் தொடங்குகிறது. பள்ளிக்கூடம், வீட்டின் நடைவழி. எல்லா அறைக் கதவுகளையும் சாத்திவிட்டு ஒரு முனையில் தரையில் உட்கார்ந்துகொள்வேன். ஒரு பழைய காலுறையைச் சுருட்டி முடிச்சுப்போட்டு, குட்டியின் மூக்குக்கு முன் இரண்டு ஆட்டு ஆட்டி, உருட்டிவிடுவேன். குட்டி தடுமாறிக்கொண்டு ஓடிக் கவ்வும். கவ்வியதும் அதற்குத் தோன்றுவது, இதை எடுத்துக்கொண்டு எங்காவது ஒளிய வேண்டும் என்பது. நடைவழியில் ஒளிய இடமில்லை. திரும்பி வரும் ஒரே பாதை என் மடி வழியாக.

இந்த இடத்தில்தான் கைக்கு அடக்கம் வேண்டும். குட்டி மடிக்கு வந்ததும் வாயிலிருக்கும் பொருளை வெடுக்கென்று பிடுங்கத் தோன்றும். பிடுங்கினால், மனிதரிடம் போனால் கிடைத்ததை இழப்போம் என்ற பாடம் முதல் வாரத்திலேயே மனதில் பதிந்துவிடும். பிறகு ஆயுளுக்கும் எட்ட நின்று வட்டமடிக்கும் நாயாகிவிடும். நான் காலுறையைத் தொடவே மாட்டேன். நெஞ்சை வருடுவேன், காதின் அடியில் சொறிவேன். குட்டி பெருமையோடு கவ்விக்கொண்டே நிற்கும். அந்தப் பெருமை வளரட்டும். கவ்வல் தளரும் நேரம் பார்த்து மெல்ல வாங்கி, உடனே மறுபடி உருட்டுவேன். கொடுத்தால் அடுத்த ஓட்டம் கிடைக்கும் என்பது அதற்குத் தானாகப் புரிந்துவிடும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை போதும். இன்னும் ஒன்று என்று குட்டி கண்ணால் கெஞ்சும்போதே காலுறை என் சட்டைப் பைக்குள் போய்விட வேண்டும். சலிப்புத் தட்டும்வரை எறிவது, அந்த ஆசையின் வேரிலேயே வெந்நீர் ஊற்றுவது.

பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும் நான்காவது மாதம் முதல் ஆறாவது மாதம் வரை எடுத்துவரும் பாடத்தை நிறுத்தி வைப்பேன். ஈறு வலிக்கும்போது கவ்வச் சொன்னால் கவ்வுவதே வலி என்று ஆகிவிடும். கயிற்றைக் கவ்வ வைத்து இழுத்து விளையாடுவதும் எங்கள் வீட்டில் கிடையாது. இறுக்கிப் பிடிப்பதுதான் வெற்றி என்று வாய் கற்றுக்கொள்ளும். அந்த மாதங்களில் உட்காருவது, வருவது, கூடவே நடப்பது, விசிலுக்குத் திரும்பிப் பார்ப்பது ஆகியவற்றைக் கற்றுக்கொடுக்கலாம். விசிலை விட்டு விட்டு ஊதினால் ‘வா’ என்று அர்த்தம்; அதைத் தீனி வைக்கும்போதே பழக்குவேன். நீளமாக ஒருமுறை ஊதினால், நின்ற இடத்தில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்க வேண்டும்.

காத்திருப்பை எப்போது தொடங்குவது என்பதில் இரண்டு மரபுகள் உண்டு. பிரிட்டிஷ் பழக்குநர்கள் அடக்கத்தை முன்னே வைக்கிறார்கள். குட்டிக்கு மிகக் குறைவாகவே எறிகிறார்கள். எறிவதில் பலவற்றை நாயை உட்காரவைத்துவிட்டுத் தாங்களே போய் எடுத்துவருகிறார்கள். விழுவதெல்லாம் தனக்கல்ல என்று நாய்க்குப் புரிய வேண்டும். அமெரிக்கப் பழக்குநர்கள் முதலில் ஆவேசத்தை வளர்த்துவிட்டு, பிறகே கடிவாளம் போடுகிறார்கள். இரண்டிலும் அருமையான நாய்கள் உருவாகின்றன. நான் குட்டியைப் பார்த்து முடிவெடுப்பவன். கூச்சமுள்ள குட்டிக்குக் கடிவாளத்தைத் தள்ளிப்போடுவேன். மணியோ, எறிந்த பொருள் தரையில் விழும் முன்பே பாதி தூரம் போய்விடுகிற ரகம். அவனுக்கு ஏழாம் மாதத்திலேயே தொடங்கினேன். கழுத்துப்பட்டை வளையத்தில் ஒரு மெல்லிய கயிற்றைக் கோத்து இரு முனையையும் பிடித்துக்கொள்வேன். மகள் வயலில் நின்று எறிவாள். மணி துடிப்பான். உடம்பின் துடிப்பு அடங்கி, பார்வை மட்டும் விழுந்த இடத்தில் ஊன்றி நிற்கும் ஒரு கணம் வரும். அப்போது ஒரு முனையை விட்டுவிட்டு ‘மணி’ என்பேன். அவன் பெயரேதான் புறப்படக் கட்டளை. துடித்தால் கிடைக்காது, அடங்கினால் கிடைக்கும் என்பதை அதட்டாமலே அவன் கற்றுக்கொண்டான். படகில் பக்கத்தில் இருப்பவர் துப்பாக்கி தூக்கியிருக்கும்போது நாய் குதித்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தவர்கள், இந்தப் பாடத்துக்கு எத்தனை மாதம் ஆனாலும் அலுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பறவைக்குப் பதிலாக எறிந்து பழக்கும் டம்மியின் நிறத்தையும் கவனிக்க வேண்டும். கடையில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் விற்பார்கள். அது நம் கண்ணுக்குத்தான் பளிச்சென்று தெரியும். நாய்க்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. புல்லில் கிடக்கும் ஆரஞ்சு அதற்குப் புல்லோடு புல்தான். விழும் இடத்தைக் கண்ணால் குறித்துக்கொள்ளப் பழக்கும்போது வெள்ளை டம்மியை எடுப்பேன். மூக்கால் தேடப் பழக்கும்போது அதே ஆரஞ்சை எடுப்பேன். அது கிடக்கும் இடம் எனக்குத் தெரியும், அவனுக்கு மூக்குதான் துணை.

துப்பாக்கிச் சத்தத்தைக் காதுக்குப் பழக்குவதில் அவசரமே கூடாது. பழகிவிடும் என்று சொல்லிக் குட்டியைத் துப்பாக்கி சுடும் மைதானத்துக்குக் கூட்டிப்போகிறவர்களைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. ஒருமுறை மிரண்ட நாயை மீட்பது மிக மிகக் கடினம். குட்டி தனக்குப் பிடித்த வேலையில் முழுதாக ஆழ்ந்திருக்கும்போது, வெகு தொலைவில் இருந்து ஒரு சின்ன வெற்றுத் தோட்டா வெடிக்க வேண்டும். காது அசைந்து வேலை தொடர்ந்தால் சரி. தலை திரும்பி வேலை நின்றால் இன்னும் தள்ளிப்போக வேண்டும். பல வாரங்களில் மெல்ல மெல்லக் கிட்டே வரலாம். கடைசியில் வெடிச்சத்தம் கேட்டதும் நாய் வானத்தைப் பார்க்கத் தொடங்கும்.

தண்ணீருக்கும் அதே நிதானம்தான். ஜூன் மாதத்தில் ஏரி வெதுவெதுப்பாகும் வரை பொறுத்திருந்து, நானே இடுப்பளவு இறங்குவேன். குட்டி தானாகப் பின்தொடரும். தூக்கிப் போடுவது பாவம். கோடை முற்றி, நீர் பச்சைச் சாயம் கரைத்ததுபோல் மாறிவிட்டால் கிட்டவே போக விடுவதில்லை. நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு சில மணி நேரத்திலேயே நாயைக் கொன்றுவிடும்.

வாய்க்கு நான் கொடுக்கும் பாடத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். புதுப்பற்கள் உறுதியானதும் மணியை ஒரு மேசைமேல் உட்காரவைத்தேன். தோல் கையுறை போட்ட விரல்களைக் கோரைப்பற்களுக்குப் பின்னால், நாக்குக்குக் குறுக்கே வைத்தேன். மறுகையின் கட்டைவிரல் தாடைக்கு அடியில் லேசாகத் தாங்கியிருக்கும். ‘பிடி’ என்றேன். முதலில் மென்றான், துப்பப் பார்த்தான், தலையை உதறினான். எதற்கும் நான் விட்டுக்கொடுக்கவில்லை, அழுத்தவும் இல்லை. மெல்லுவது நின்று நாக்கு அமைதியாகும் கணத்தில் ‘கொடு’ என்று கையை எடுத்துவிட்டேன். அமைதியாகப் பிடித்தால் விடுதலை என்பது அவனுக்குப் பிடிபட்டதும் கையுறைக்குப் பதிலாக மரக்கட்டை வந்தது. பிறகு டம்மி, பிறகு இறகு சுற்றிய டம்மி, கடைசியில் செத்துக் குளிர்ந்த புறா. இதே பாடத்தைக் காதைக் கிள்ளி, வலியைக் கொடுத்து நடத்தும் பழைய முறை ஒன்று இங்கே பரவலாக உண்டு. திறமையான பலர் அதைக் கையாள்கிறார்கள், அவர்கள் நாய்கள் தவறாமல் எடுத்தும் வருகின்றன. நான் அதைச் செய்வதில்லை. தானாகவே எடுத்துவரத் துடிக்கும் ஒரு ஜீவனுக்கு அந்த வலி எதற்கு என்ற கேள்விக்கு எனக்குச் சமாதானமான பதில் கிடைக்கவில்லை. என் வழியில் மாதங்கள் கூடுதலாக ஆகின்றன, ஆகட்டும்.

இந்தப் பாடத்தின் அருமை தெரிவது கரையேறும் இடத்தில். நீரிலிருந்து வெளியே வரும் நாய்க்கு முதலில் தோன்றுவது உடம்பை உதறுவது. உதற வசதியாகப் பறவையைக் கீழே வைக்கும். செத்த பறவை என்றால் பரவாயில்லை; உயிருள்ள வாத்து அந்த இரண்டு நொடியில் மறுபடி தண்ணீருக்குள் போய்விடும். அதனால் தொடக்கத்தில் கரையோரத்திலேயே நின்று, கால் தரையில் படும் முன் வாங்கிக்கொள்வேன். பிறகு ஓரடி, ஈரடி பின்னே நகர்வேன். உதறல் வரப்போகிறது என்று தோள் அசைவிலேயே தெரியும்போது திரும்பி எதிர்ப்பக்கம் ஓடுவேன். என்னைப் பிடிக்கும் அவசரத்தில் உதறுவதை மறந்துவிடுவான். கையில் கொடுத்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் உதறலாம். என்மேல் முழுக்கத் தெறித்தாலும் மகிழ்ச்சிதான்.

மணியின் முதல் பருவத்தில், அக்டோபர் கடைசியில், மகளும் நானும் ஒரு சதுப்பின் ஓரம் ஒளிந்திருந்தோம். ஆண் மல்லார்டு ஒன்று காற்றை எதிர்த்து இறங்கியது. சுட்டேன். சிறகு மடங்கி, கோரைக்கு அப்பால் சாய்ந்து விழுந்தது. வில்லோ புதருக்கு இடதுபக்கம் என்று நான் குறித்துக்கொண்டேன். பெயரைச் சொன்னதும் மணி நேராகப் புதரடிக்கு நீந்திப் போனான். அங்கே ஒரு வட்டம் அடித்தான், இன்னொரு வட்டம் அடித்தான். பிறகு தலையைத் தூக்கி, வலதுபக்கமாகக் கரையை ஒட்டிக் கோரைக்குள் போய் மறைந்தான்.

“அப்பா, அவன் தப்பாப் போறான். விசில் ஊதுங்க.”

“பொறும்மா. காத்து அந்தப் பக்கமிருந்துதான் வருது.”

விசில் உதட்டிலேயே இருந்தது. ஊதவில்லை. இந்த வேலையில் எனக்கு மிகக் கடினமான பகுதி அதுதான். பறவை விழுந்த இடத்தைத்தான் என் கண் அறியும். பறவை இப்போது இருக்கும் இடத்தை அவன் மூக்கு அறியும். நாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் திருப்பினால், நாய் தன் மூக்கை நம்புவதை விட்டுவிட்டு நம் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும். கோரை நுனிகள் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். அசைவு தள்ளிப்போனது, நின்றது, சடசடவென்று ஒரு குலுக்கல். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு எங்களை நோக்கி ஒரு கறுப்புத் தலை நீந்தி வந்தது. வாத்தின் உடம்பு குறுக்கே வாயில் இருந்தது; அதன் பச்சைக் கழுத்து நிமிர்ந்து, கண் திறந்தே இருந்தது. கரையேறினான், உதறவில்லை, எனக்கு முன்னால் உட்கார்ந்தான். வாங்கிய மறுகணம் அதன் உயிரை முடித்தேன். பிறகு இறகுக்கு அடியில் விரல்விட்டு விலா எலும்பை இருபுறமும் தடவிப் பார்த்தேன். வாய் இறுகிய நாய் கொண்டுவந்த பறவைக்கு விலா நொறுங்கியிருக்கும். பிரிட்டிஷ் போட்டிகளில் நடுவர்கள் தடவிப் பார்ப்பதும் அதையே. இரண்டு பக்கமும் ஒழுங்காக வளைந்திருந்தன. மகள் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினேன்.

அன்று அடுத்து வந்த கூட்டத்தைச் சுடவில்லை. மணியின் வால் நனைந்து உடம்பு நடுங்கத் தொடங்கியிருந்தது. அந்த வயதில் ஒரு நல்ல வேலையோடு நிறுத்துவது போதும். வண்டிக்குத் திரும்பியதும் துண்டால் துடைத்து, கால்விரல் இடுக்கு, காது மடல், கண்ணிமைக்கு உள்புறம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். புல்லின் முள்விதை கண்ணுக்குள்ளோ தோலுக்குள்ளோ ஏறிவிட்டால் பின்னால் பெரிய சீழ்க்கட்டியில் கொண்டுவிடும்.

இனி இரண்டாம் ஆண்டுப் பாடம். விழுவதை நாய் பார்க்காத பறவைக்குக் கைச்சைகையால் வழிகாட்ட வேண்டும். நீள விசிலுக்கு உட்கார்ந்து திரும்பிப் பார்ப்பான்; வலக்கையை நீட்டினால் அந்தப் பக்கம், இடக்கையை நீட்டினால் இந்தப் பக்கம், நேரே உயர்த்தினால் இன்னும் பின்னே. வெட்டிய புல்வெளியில், பக்கத்துக்கு ஒரு வெள்ளை டம்மிக் குவியல் வைத்துத் தொடங்க வேண்டும். ஏப்ரலில் பனி உருகித் தரை காய்ந்ததும் மகளே முதல் சைகை காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள்.